தொட்டியில முட்டையா? துடைக்கிறதுக்கு முன்னாடி பாரு

கண்ணாடியில பொட்டுப் பொட்டா எதையோ பாத்ததும் ஸ்பாஞ்சைத் தூக்கிட்டு ஓடாதே தங்கச்சி. மொத்தத் தண்ணியையும் மாத்தவும் செய்யாதே. எங்கே ஒட்டியிருக்கு, யார் காவல் நிக்கிறாங்கன்னு முதல்ல பாரு. பாதி விடை அதுலயே இருக்கு.

1. கப்பி, மோலி, பிளாட்டி மேல சந்தேகப்படாதே. அதுங்க குட்டி போடுற சாதி. வயிறு எவ்வளவு பெருத்தாலும் முட்டை ஒட்டாது.

2. வழுவழுன்னு ஜெல்லி, உள்ளே குட்டிக் குட்டிப் புள்ளி: நத்தை முட்டை. மீன் முட்டைன்னு நினைச்சுப் பொத்திப் பொத்தி வளர்த்தா அடுத்த மாசம் தொட்டி முழுக்க நத்தைதான். நம்ம உடன்குடிப் பக்கம் போர் தண்ணி உப்பும் சுண்ணாம்புமா இருக்கும். ஓடு கட்ட அதுக்குக் கொண்டாட்டம். பழைய ஏடிஎம் கார்டால சுரண்டி எடு. தண்ணிக்கு மேலே, மூடியை ஒட்டி இளஞ்சிவப்புக் கொத்தா இருந்தா ஆப்பிள் நத்தை. நசுக்கிக் குப்பையில போடு. குளத்துல, வாய்க்கால்ல கொட்டிராதே. பிலிப்பைன்ஸ்ல நெல்வயலை நாசம் பண்ணினது இந்தக் கூட்டம்தான்.

3. இனி மீன்:
- ஃபில்டர் குழாயிலயோ அகல இலையிலயோ வரிசையா, பக்கத்துல ஜோடி நின்னு துடுப்பால விசிறுதா? ஏஞ்சல். ரெண்டு மூணு நாள்ல பொரிக்கும்.
- கண்ணாடியில அங்கொண்ணு இங்கொண்ணு, காவலே இல்லையா? கோரி.
- மேலே நுரைக்கூடா? ஃபைட்டர், இல்லேன்னா கௌராமி. ஏர் பம்பைக் குறை, கூடு கலைஞ்சிரும்.
- சீப்ரா, பார்ப் முட்டையை நீ பாக்கவே மாட்டே. இட்ட கையோட தின்னுரும்.

4. கண்ணாடி மாதிரி தெளிவா இருந்தா நம்பிக்கை உண்டு. வெள்ளையா மங்கிட்டா கரு இல்ல. பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவும், எடுத்துரு. எல்லாமே வெள்ளையா? கடைக்காரர் ஜோடின்னு கொடுத்தது ரெண்டுமே பொண்ணா இருக்கும். ஏஞ்சல் அப்படியும் ஜோடி சேரும், முட்டையும் இடும். பேரட் மீன்ல ஆண் பெரும்பாலும் மலடு, காத்திருக்காதே.

5. வளர்க்கணும்னா இலையோட ஒரு டப்பாவுக்கு மாத்து. தண்ணி அதே தொட்டித் தண்ணி. குழாயில பிடிச்ச குளோரின் தண்ணியை ஊத்திட்டு அப்புறம் அழாதே. மெத்திலீன் புளூ லேசா நீலம் தட்டுற அளவு, மெதுவா காத்துக் குமிழி, அவ்வளவுதான். பொரிச்ச உடனே தீனி போடாதே, வயித்துலயே மஞ்சக்கரு இருக்கு. நீந்த ஆரம்பிச்ச பிறகு ஆர்டீமியா குஞ்சு. நம்ம தூத்துக்குடி உப்பளத்துல கிடக்குற அதே பூச்சிதான். முட்டையாப் பாக்கெட்டுல வாங்கி உப்புத்தண்ணியில பொரிக்க வைக்கலாம். அவசரத்துக்கு அவிச்ச மஞ்சக்கரு, பல்குச்சி நுனியளவு. கூடிட்டா தண்ணி நாறி குஞ்சு மொத்தமும் போயிரும்.

6. குலசை தசரா நேரமா, வீடு நிறைய விருந்தாளியா? அப்படியே விட்டுரு. மத்த மீனுங்க ராத்திரியிலயே தின்னு முடிச்சிரும். நல்லாத் தின்னு கொழுத்த ஏஞ்சல் ஜோடின்னா ரெண்டு வாரத்துல மறுபடியும் இடும்.