பழைய டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? பம்பில் கை வைக்கும் முன்...

டீசல் டிராக்டரில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக அழுத்தும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. நாசில் தூவும் டீசல் அந்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்கிறது. ஆகவே இன்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டும், டீசல் வர வேண்டும், காற்று வர வேண்டும். பழைய வண்டி நின்றதும் "பம்ப் போயிருச்சு, நாசில் போயிருச்சு" என்று பெரிய செலவிலிருந்து தொடங்குகிறார்கள். பல நேரம் கோளாறு ஒரு ஸ்பேனரில் தீரக்கூடிய இடத்தில்தான் இருக்கும்.

1. முதலில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். பி.டி.ஓ. விடுபட்டிருக்கிறதா பாருங்கள், பிரேக்கைப் பூட்டுங்கள். சில வண்டிகளில் கிளட்சை முழுக்க மிதித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். அந்த சுவிட்சில் சேறு அடைந்திருந்தாலும் வண்டி பேசாமல் நிற்கும்.

2. சாவியைத் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். சத்தமே இல்லையென்றால் வயர், சுவிட்ச், ஃபியூஸ். 'டிக்' என்று மட்டும் கேட்டாலோ, இன்ஜின் முக்கி முக்கிச் சுற்றினாலோ பேட்டரி, டெர்மினல், எர்த். ஜோராகச் சுற்றியும் பற்றவில்லையென்றால் டீசல் பக்கம் போங்கள், எட்டாம் குறிப்பிலிருந்து பாருங்கள்.

3. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றிக் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் மூடி வழியாக உள்ளே போகக் கூடாது. பிறகு உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லைன் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் வயர் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடித்து வெடிக்கக் கூடியது.

4. ஓய்வாக இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12க்கு இறங்கியிருந்தால் சார்ஜ் போட வேண்டும். ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல் ஒரே மாதிரி காட்டி ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் அந்தச் செல் செத்துவிட்டது. என்ன சார்ஜ் போட்டாலும் அந்த பேட்டரி நிற்காது. செல்லில் தண்ணீர் மட்டம் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டரால் மட்டும் நிரப்புங்கள், போர் தண்ணீர் வேண்டாம்.

5. எர்த் வயரை யாரும் கவனிப்பதில்லை, பழைய டிராக்டரில் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். சேற்றுழவு ஓட்டிய வண்டியில் அந்த வயர் சேசிஸில் பிடித்திருக்கும் போல்டுக்கு அடியில் துரு ஏறிவிடும். மேலே பார்த்தால் இறுக்கமாகத்தான் தெரியும், கரண்ட் மட்டும் போகாது. ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பில் நேராகப் பிடித்து ஸ்டார்ட் செய்யுங்கள். செல்ஃப் துள்ளிச் சுற்றினால் குற்றவாளி எர்த்தான். போல்டைக் கழற்றி, பெயின்ட் போக இரும்பு தெரியச் சுரண்டி மாட்டுங்கள்.

6. ஸ்க்ரூடிரைவரை செல்ஃப் மேல் வைத்து ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அப்போது நீங்கள் நிற்பது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில். வண்டி கியரில் இருந்தால் பற்றிய கணமே நகரும், பெரிய சக்கரம் மேலே ஏறிவிடும். விலக நேரம் இருக்காது. இப்படி ஆள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளிலும் பதிவாகியிருக்கின்றன. வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். சாவி சுவிட்ச் கெட்டிருந்தால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

7. செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

8. ஸ்டாப் நாப் முழுக்க உள்ளே போயிருக்கிறதா? கேபிள் துருப்பிடித்துப் பாதியில் சிக்கியிருந்தால் பம்ப் டீசலே அனுப்பாது. டேங்க் குழாய் திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

9. சுற்றும்போது சைலன்சரைப் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, பற்றத்தான் சூடு போதவில்லை: இன்ஜின் குளிர்ந்திருக்கலாம், மெதுவாகச் சுற்றலாம், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம்.

10. டேங்க் காலியாகும் வரை ஓட்டினாலும், ஃபில்டர் மாற்றினாலும் லைனில் ஏர் பிடிக்கும். அதை எடுக்க வரிசை முக்கியம். முதலில் ஃபில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீடு பம்பின் கைநெம்பை அடியுங்கள். நுரை நின்று டீசல் சீராக வந்ததும் இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்ப் ஸ்க்ரூவில் அதே வேலை. கடைசியில் நாசில் பக்கத்து பைப் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க வைத்து செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். கைநெம்பு அசைந்தும் பம்ப் ஆகவில்லையென்றால் கேம் அதை மேலே தூக்கிப் பிடித்திருக்கும், இன்ஜினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். ஒரு எச்சரிக்கை: ஹை பிரஷர் பைப்பில் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசி முனையளவு பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது அது. அட்டையை நீட்டிப் பாருங்கள்.

ஏர் எடுத்தும் மறுநாள் அதே கதை என்றால் டேங்குக்கும் ஃபீடு பம்புக்கும் நடுவில் எங்கோ காற்று வாங்குகிறது. வெடித்த ரப்பர் ஹோஸ், தேய்ந்த செம்பு வாஷர், இரண்டையும் மாற்றுங்கள்.

11. டீசலில் தண்ணீர் இருந்தால் ஃபில்டர் கிண்ணத்தில் அடியில் தனியாகத் தங்கும். காலையில், வண்டியை அசைக்கும் முன், வடித்துவிடுங்கள். இரவில் டேங்க் நிறைய இருந்தால் உள்ளே ஈரம் கோப்பது குறையும்.

12. நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில், ஹீட்டர் உள்ள வண்டியில் சாவியை ஹீட் நிலையில் 15 முதல் 20 விநாடி பிடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஹீட்டர் உள்ள வண்டியில் ஈதர் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, காற்றுக் குழாயிலேயே வெடிக்கும்.

13. ஆயில் பாத் ஏர் கிளீனரில் சேறு தங்கியிருந்தால் கொட்டிக் கழுவி, கோடு வரை மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள்.

14. இவ்வளவும் சரியாக இருந்தும் பற்றவில்லையென்றால் மெக்கானிக்கை அழையுங்கள். எந்தச் சத்தம் வந்தது, புகை என்ன நிறம், எந்த ஸ்க்ரூ வரை டீசல் வந்தது என்று அவரிடம் சொல்லுங்கள். பம்பையும் நாசிலையும் டெஸ்ட் பெஞ்சில் வைத்துப் பார்க்காமல் புதிது வாங்கச் சம்மதிக்காதீர்கள்.