முழங்கால் எவ்வளவு மடங்குகிறது?

முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட முதியவர்கள் நம்மில் பலரது குடும்பங்களில் உண்டு. அறுவைச் சிகிச்சையோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. காலை மீண்டும் மடக்கவும் நீட்டவும் பழக்குவது பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்தின் பணியாகும்.

சிகிச்சையாளர் நோயாளியைக் கட்டிலில் படுக்கவைத்து, கோணமானியால் முழங்காலை அளக்கிறார். 90 பாகை மடங்குகிறது என்று குறித்துக்கொள்கிறார். ஆனால், அதே நோயாளி வீட்டில் வலிக்குப் பயந்து காலை விறைப்பாகவே வைத்து நடக்கலாம். சமதரையில் இயல்பாக நடக்க முழங்கால் ஏறக்குறைய 60 பாகை மடங்க வேண்டும். படியேற இன்னும் அதிகம் வேண்டும். மடக்க முடிவது வேறு, மடக்கி நடப்பது வேறு. இந்த வேறுபாட்டைக் காட்டவே உடலில் அணியும் உணரிகள் உதவுகின்றன.

உணரி இயங்கும் விதம்

தொடையில் ஒன்றும் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமாக இரண்டு சிறிய உணரிகள் பட்டையால் கட்டப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் முடுக்கமானியும் ஜைரோஸ்கோப்பும் உள்ளன. கைப்பேசியைச் சாய்த்தால் திரை திரும்புவதும் இத்தகைய கருவிகளால்தான்.

முடுக்கமானி புவியீர்ப்பின் திசையைக் கொண்டு சாய்வை அறிகிறது. ஆனால், கால் வேகமாக வீசப்படும்போது குழம்பிவிடுகிறது. ஜைரோஸ்கோப் சுழலும் வேகத்தை அளக்கிறது. அதைக் கூட்டிக்கொண்டே போனால் கோணம் கிடைக்கும். இதில் சிறு பிழையும் சேர்ந்துகொண்டே போகும். நிமிடத்திற்கு 1 பாகை பிழை என்றால் 10 நிமிட நடையில் 10 பாகை தவறிவிடும். ஆகவே, கணினி நிரல் இரண்டையும் இணைத்து ஒன்றின் குறையை மற்றொன்றால் திருத்துகிறது. தொடையின் சாய்வுக்கும் கீழ்க்காலின் சாய்வுக்கும் உள்ள வேறுபாடே முழங்கால் மடங்கும் கோணம்.

கவனிக்க வேண்டியவை

பட்டை நழுவினாலோ தசை குலுங்கினாலோ அளவு மாறும். எனவே, முதலில் நோயாளியை நேராக நிற்கவைத்து, அந்நிலையைச் சுழியமாகக் கொள்ள வேண்டும்.

மேலும், கோணம் ஏன் குறைந்தது என்பதை உணரி சொல்லாது. வலியா, வீக்கமா, விழுந்துவிடுவோம் என்ற அச்சமா என்பதை நோயாளியிடம்தான் கேட்க வேண்டும். தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் நம் பாட்டிமார் அதைத் தமிழில்தான் சொல்வார்கள். மருத்துவத் துறைக்குச் செல்லும் நண்பர்களே, கருவியோடு தமிழையும் உடன் கொண்டு செல்லுங்கள்.