சிவப்பு மட்டும் எரிகிறதா?

கேள்வி: ராஸ்பெர்ரி பை 3 வாங்கினேன். ஓ.எஸ். கோப்பை மெமரி கார்டில் காப்பி செய்து செருகினேன். சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது, திரை இருட்டு. போர்டு பழுதா?

பதில்: பாவம், போர்டைத் திட்டாதீர்கள். இமேஜ் கோப்பைக் காப்பி செய்தால் அது கார்டில் இன்னொரு கோப்பாகச் சும்மா கிடக்கும். ராஸ்பெர்ரி பை இமேஜர் மென்பொருளால் ‘எழுத’ வேண்டும்; பூட் பகுதி அப்போதுதான் உருவாகும். எழுதியதை அதுவே சரிபார்க்கும். அங்கே பிழை காட்டினால் கார்டையோ ரீடரையோ மாற்றுங்கள். பிறகு விண்டோஸ், “ஃபார்மட் செய்யவா?” என்று கேட்கலாம். லினக்ஸ் பகுதி அதற்குப் புரியாது, அவ்வளவுதான். சரி என்று தட்டினால் மறுபடி முதலிலிருந்து! கார்டைப் போர்டில் செருகியதும் பச்சை விளக்கு துடித்தால், போர்டு கார்டைப் படிக்கிறது. சிவப்பு அணைந்து அணைந்து எரிந்தால் மின்னழுத்தம் போதவில்லை. பழைய போன் சார்ஜரை விட்டு, 5 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள்.