தேனீயின் கணக்கும் பாட்டியின் நிரையும்

தேனீக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் என்ன ஒற்றுமை? இருவருமே தேடுகிறவர்கள். எங்கே தேடுவது என்பதோடு, ஓரிடத்தில் எவ்வளவு நேரம் தங்குவது என்பதும் இருவருக்கும் உள்ள கேள்வி.

பேராக் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இதைக் கண்டிருக்கலாம். பால்மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும் பருவத்தில், இலைக்காம்பின் நுனியிலுள்ள சிறு சுரப்பிகளில் தேன் கசியும், தேனீக்கள் மொய்க்கும். ஓரிடத்தில் தேன் குறையக் குறைய, அடுத்த துளிக்கு அதிக நேரமாகும். எப்போது கிளம்புவது? 1976இல் அமெரிக்க உயிரியலாளர் எரிக் சார்னோவ் இதற்கொரு கணக்குச் சொன்னார். இரை கிடைக்கும் வேகம் சுற்றுவட்டாரத்தின் சராசரிக்கு இறங்கியதும் கிளம்ப வேண்டும். அடுத்த இடம் தொலைவென்றால் அதிக நேரம் தங்க வேண்டும். அருகிலென்றால் சீக்கிரம் கிளம்பலாம்.

மனிதர் தகவல் தேடுவதும் இப்படித்தான் என்று 1990களில் பீட்டர் பைரோலியும் ஸ்டூவர்ட் கார்டும் விளக்கினர். ஈப்போவிலிருந்து பேருந்து ஏறிக் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனவர், மாலைவரை அமர்ந்து குறிப்பெடுப்பார். இணையத்திலோ அடுத்த பக்கம் ஒரு சொடுக்கில் இருக்கிறது. எனவே எதிலும் நாம் தங்குவதில்லை.

இந்தக் கணக்கு என்னை ஒருமுறை ஏமாற்றியது. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றைப் பற்றி இறுதியாண்டு ஆய்வேடு எழுதினேன். புந்தோங்கில் வசித்த என் பாட்டி அங்குப் பால்வெட்டியவர். கேட்டதும், தம் நிரையின் முதல் மரத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். பத்தே நிமிடத்தில், “அப்புறம் கேக்குறேன் பாட்டி” என்று எழுந்துவிட்டேன். இரண்டு வாரம் இணையத்தில் அலைந்தேன். ரப்பர் விலை கிடைத்தது. தோட்டம் செம்பனைக்கு மாறிய செய்தி கிடைத்தது. லயத்தில் குடியிருந்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அடுத்த விடுமுறையில் திரும்பியபோது, பக்கவாதத்தால் பாட்டி பேச்சிழந்திருந்தார்.

பிறகு, பாட்டியோடு வேலை செய்த மூதாட்டி ஒருவரிடம் மூன்று பிற்பகல்கள் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள்தான் அவர் சொன்னார்: பாட்டி தம் நிரையின் கடைசி மரத்தில்தான் என் அப்பாவுக்குத் தொட்டில் கட்டியிருந்தாராம். முதல் மரத்தில் தொடங்கிய பாட்டி, அங்கேதான் வந்துகொண்டிருந்தார்.

சார்னோவின் கணக்கு, அடுத்த இடம் உண்டு என்ற நம்பிக்கையில் நிற்கிறது. தேனீக்கு அடுத்த கிளை உண்டு. ஒருவரின் நினைவுக்கு அடுத்த கிளை இல்லை.

மாணவ நண்பர்களே, இணையப் பக்கம் நாளையும் இருக்கலாம். இந்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கடைசி மரம்வரை உட்கார்ந்து கேளுங்கள்.