ஒரு பக்க மூக்கில் மட்டும் தண்ணீர் வடிந்தால்

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து ஏறக்குறைய 150 மில்லி தெளிந்த நீர் இருக்கிறது. நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவுக்கு அது புதிதாகச் சுரக்கிறது. உடல் பருமனான சிலருக்கு, அதிலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு, மண்டைக்குள் இதன் அழுத்தம் கூடிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் அழுத்தம் தொடர்ந்தால் மூக்குக்கு மேலிருக்கும் மெல்லிய எலும்பு தேய்ந்து துளை விழலாம். அடிபடாமலே மூளை நீர் மூக்கு வழியாக ஒழுகும். பலரும் இதைச் சளி என்று நினைத்து மாதக்கணக்கில் ஒவ்வாமை மாத்திரை விழுங்குகிறார்கள்.

செய்ய வேண்டியவை

• குனியும்போது ஒரு பக்கத்தில் மட்டும் தண்ணீராக வடிகிறதா, தொண்டையில் உப்புச்சுவை தெரிகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

• வடிவதைச் சுத்தமான சிறு குப்பியில் பிடித்துக் கொடுங்கள். பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதில் இருந்தால் அது மூளை நீர்தான். சாதாரணச் சளியில் அந்தப் புரதம் இருக்காது. துளை எங்கே என்பதை சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள் காட்டும்.

• கண் பரிசோதனை அவசியம். மண்டை அழுத்தம் பார்வை நரம்பை வீங்கவைத்துப் பார்வையையே பறிக்கக்கூடும்.

• பலமாகக் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நிற்கிறதென்றால் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் மண்டை அழுத்தம் எகிறும்.

• காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு மூன்றும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நீர் வெளியேறும் துளை வழியாகவே கிருமி உள்ளே ஏறி மூளைக்காய்ச்சல் வரலாம். நிமோகாக்கஸ் தடுப்பூசி பற்றி முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

செய்யக்கூடாதவை

• மூக்கைச் சிந்தாதீர்கள். காற்று மண்டைக்குள் புகுந்துவிடும். தும்மலை அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள்.

• கனமான பொருளைத் தூக்காதீர்கள். மலச்சிக்கலோடு முக்காதீர்கள்.

• சர்க்கரை பார்க்கும் பட்டையை நனைத்து நீங்களே முடிவுக்கு வராதீர்கள். அது தவறாகவும் காட்டும்.

• மூக்குக்குள் குச்சியோ குழாயோ விடவந்தால் ஒழுக்கு இருப்பதைச் சொல்லாமல் இருக்காதீர்கள். 2020-இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்குக் கொரோனா சோதனைக் குச்சி பட்டபின் இப்படி நீர் ஒழுகியது. அவருக்கு மண்டையடியில் ஏற்கெனவே குறை இருந்திருக்கிறது.

• “உடம்பைக் குறைத்தால் எல்லாம் சரியாகும்” என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள். இதை வீட்டாருக்கும்தான் சொல்கிறேன். எடை குறைந்தால் அழுத்தம் தணியும் என்பது உண்மை. ஆனால் விழுந்த துளை தானாக அடைபடும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பி செலுத்தித்தான் பெரும்பாலும் அடைக்கிறார்கள். அதே அளவு பருமனாக இருந்தும் ஒழுக்கு இல்லாதவர்களைவிட, ஒழுக்கு உள்ளவர்களின் மண்டையோடு மெலிந்திருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பழியை எடைமேல் மட்டும் போடுவது அநியாயம்.

• அறுவை சிகிச்சைக்குப் பின், மூச்சுக்கான சிபேப் கருவியை மருத்துவர் சொல்லும்வரை மாட்டாதீர்கள்.

• ஒழுக்கு நின்றதும் மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடாதீர்கள். வழி அடைபட்டதும் உள்ளே அழுத்தம் ஏறலாம். அதைக் குறைக்க மாத்திரையோ, நீரை வயிற்றுக்குத் திருப்பும் குழாயோ சிலருக்குத் தேவைப்படும்.