தகடூர் மதிலும் வந்தவர் பாட்டும்

ஒரு நகரின் மதிலை அந்நகரிலே பிறந்து வளர்ந்தோர் நாள்தோறும் காண்பர். ஆயினும் அதனைக் கூர்ந்து நோக்குவார் சிலரே. வேற்று நாட்டினின்று வந்து தங்குவோர்க்கோ மதிலும் அகழியும் வாயிலும் யாவும் புதியன. தகடூர் என்னும் மதில் சூழ்ந்த பழம்பதியை இன்று நாம் அறிவதற்குரிய வழி யாது என ஆராயின், இவ்வுண்மை இனிது விளங்கும்.

தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். சங்ககாலத்தே இதனை ஆண்டோர் அதியமான் மரபினர். அவருள் புகழ் மிக்கோன் நெடுமான் அஞ்சி. தருமபுரியினின்று சேலம் செல்லும் சாலையில் அதியமான்கோட்டை என்னும் ஊர் உளது. அங்குள்ள சென்றாயப் பெருமாள் கோயிலும் அதன் ஓவியங்களும் பிற்காலத்தன. கோட்டை என்னும் பெயர் நிலைத்துள்ளது. சங்கப் புலவர் கண்ட வாயிலையோ நாம் ஏட்டிலேதான் காணல் வேண்டும். ஆதலின் அப்புலவரையே வழித்துணையாகக் கொண்டு அந்நகரினுட் புகுவோம்.

முதற்கண் வாயிலில் நிற்பவர் ஔவையார். அதியமான் பரிசில் நீட்டித்தபோது அவர் வாயில் காவலனை விளித்துப் பாடிய பாட்டு புறநானூற்றின் 206ஆம் செய்யுளாகும். பரிசிலர்க்கு அடைக்கப்படாத வாயில் என அதனைச் சிறப்பித்தே அவர் தம் சினத்தையும் புலப்படுத்துகின்றார். கோடரி ஏந்திக் காடு புகும் தச்சனுக்கு மரம் கிடையாமற்போகுமோ? கற்றோர்க்கு உலகமும் அத்தகையதே என்பது அவர் கருத்து. சினந்தவர் பின்னர் அவ்வரசனுக்கு உற்ற துணையாயினார். அவன் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றார், நெல்லிக்கனி பெற்றார், அவன் மறைந்தபோது ஆற்றாது அரற்றினார். அயலவராய் வாயிலில் நின்றவர் அகத்தவராய் மாறிய வரலாறு இது.

இனி, அதே நகரினை மதிற்புறத்தே நின்று கண்டவரை நோக்குவோம். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றி அழித்தான். பகைவர் அரணை வளைத்தலை உழிஞை என்றும், அகத்தோர் அதனைக் காத்தலை நொச்சி என்றும் நம் முன்னோர் வகுத்தனர். அவ்விரு திணைக்கும் தகடூர் தக்க சான்று. வில்வீரர் நிறைந்த காவற்காடு அதனைச் சூழ்ந்திருந்தமை பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தால் அறியப்படும். அப்பத்தினைப் பாடிய அரிசில் கிழார்க்குச் சேரன் ஒன்பது நூறாயிரம் பொற்காசும் தன் அரசுகட்டிலும் அளித்தனன் எனவும், அவர் அரசினை வேண்டாது அமைச்சுரிமை பூண்டனர் எனவும் அதன் பதிகம் கூறும்.

வென்றவனால் இவ்வளவு சிறப்பெய்திய அரிசில் கிழார், தகடூர்ப் போரில் வீழ்ந்த அதியமான் எழினியை நினைந்து இரங்கிப் பாடியதே நாம் ஊன்றி நோக்கற்பாலது. புறநானூற்றின் 230ஆம் செய்யுளில், எழினி காத்த நாட்டில் கன்றொடு மேய்ந்த ஆனிரை காட்டிலேயே அச்சமின்றித் தங்கியதையும், வழிப்போக்கர் தாம் விரும்பிய இடத்தே இளைப்பாறியதையும், களத்து நெற்குவியல் காவலின்றிக் கிடந்ததையும் அவர் எண்ணிப் பார்க்கின்றார். இத்தகையோனைக் கொண்ட கூற்றம், வறுமையால் விதைநெல்லை உண்டுவிட்ட உழவனைப்போல் பேதைமை உடையது என்று இடித்துரைக்கின்றார். மதில் நாட்டினைக் காத்ததினும் அரசனது நேர்மை காத்தது மிகுதி என்பதை, மதிலை இடித்தவன் பக்கத்துப் புலவரே ஒப்புக்கொள்கின்றார். இதனினும் சிறந்த சான்று வேறு யாது வேண்டும்?

கிரேக்கரும் திராய் நகரின் முற்றுகையைப் பாடினர். அப்பாடலை நம்பி 1870இல் சிலீமன் என்னும் செருமானியர் ஹிசார்லிக் மேட்டினை அகழத் தொடங்கினார். நம் நாட்டிலும் பாட்டிற்குக் கல் துணை நின்றதுண்டு. திருக்கோவலூரை அடுத்த சம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பாழியைக் கூறி, அவனைச் சதியபுதன் எனவும் சுட்டுகின்றது. அசோகன் தன் கல்வெட்டில் சோழ பாண்டிய சேரரோடு குறித்த சதியபுத்திரர் யாவர் என்னும் நெடுநாளைய ஐயம் இதனால் நீங்கிற்று.

ஆயினும் இழந்தனவும் உள. இப்போரினையே பொருளாகக் கொண்ட தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுமையாகக் கிடைத்திலது. புறத்திரட்டிலும் பழைய உரைகளிலும் எடுத்தாளப்பட்ட சில செய்யுட்களே எஞ்சின. மதிலைச் சேரன் இடித்தான். நூலை இடித்தவர் எவருமிலர். போற்றாமையே அதனை அழித்தது. அக்கேடு இனியும் நேராதிருத்தல் கற்கும் நம் கையில் உளது. இம்மாவட்டத்து நடுகல்லையும் கல்வெட்டையும் மேட்டையும் காணச் செல்லும் மாணவர், புறநானூற்றைக் கையிற்கொண்டு, முதன்முறை வந்த புலவர்போல் விழிப்போடு நோக்கிக் குறித்துவைப்பாராக. பகைவரைத் தடுக்க எழுந்த மதில் வீழ்ந்தது. வந்தாரை ஏற்ற வாயிலோ ஔவையார் பாட்டில் இன்றும் திறந்தே நிற்கின்றது.