கிணற்றடியில் ஒரு பாடம்

கோடை முற்றினால் தீவகத்தில் குடங்களும் கலன்களும் பவுசருக்காக வரிசையில் காத்திருக்கும். இது நமக்குப் பழகிப்போன காட்சி. பழகிப்போனதாலேயே இதைப் பற்றி நாம் கேள்வி கேட்பதில்லை. கேள்வி கேட்பது மாணவரின் தொழில். ஆகவே கரம்பொன் ஊரையும் அதன் கிணறுகளையும் மனதிற் கொண்டு, இவ்வாரப் பாடத்தை மாணவ மாணவியருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் எழுதுகிறோம்.

“நிலைபேறான அபிவிருத்தி” என்னும் சொற்றொடரை மாணவர் பலர் பரீட்சைக்காக மனனம் செய்திருப்பர். 1987இல் ஐக்கிய நாடுகளின் ஆணைக்குழு ஒன்று அதற்குத் தந்த விளக்கத்தின் சாரம் இதுவே: இன்றைய தேவையை நிறைவேற்றும்போது நாளை வருவோரின் வழியை அடைத்துவிடலாகாது. பொருளாதாரம், சுற்றாடல், சமூகம் என இதற்கு மூன்று தூண்கள் உண்டென்பர். முதலிரண்டைப் பற்றிப் பலரும் பேசுவர். மூன்றாவதையோ எளிதில் மறந்துவிடுவர். ஓர் ஊரில் வசதியுள்ளவரும் இல்லாதவரும், முதியோரும் குழந்தைகளும், ஒருவரால் ஒருவர் வருந்தாமல் தொடர்ந்து வாழ முடிகிறதா? சமூக நிலைபேறு என்பது இவ்வளவுதான். இதைக் கற்க மூன்று கேள்விகள் போதும்.

1. நீர் எங்கிருந்து வருகிறது?

நமது தீவில் ஆறு இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரி மழையே நமது நன்னீரின் மூலம். அம்மழை மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணக்கல்லின் துளைகளிலும் வெடிப்புகளிலும் தங்குகிறது. அதற்குக் கீழே கடலின் உப்புநீர் இருக்கிறது. நன்னீர் உப்புநீரைவிடச் சற்றுப் பாரம் குறைந்தது. ஆகையால் அது உப்புநீரின்மேல், நடுவில் தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும், ஒரு வில்லையைப் போல மிதக்கிறது.

இதன் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் ஒருவரும், 1901இல் ஜெர்மானியர் ஒருவரும் தனித்தனியே எடுத்துக் கூறினர். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும். இதை மறுபக்கமாகவும் எண்ணிப் பாருங்கள். மேலே 1 அடி நீர் குறைந்தால், காலப்போக்கில் கீழே 40 அடிக்கு உப்புநீர் ஏறிவிடும்.

துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில், மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஓரிடத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் அவ்விடத்தில் மேலெழும்பும். ஒருமுறை சவர் ஏறிய கிணறு மீண்டும் நன்னீராக நல்ல மாரிகள் சில கழியவேண்டும்.

2. அது யாருக்குக் கிடைக்கிறது?

வேலி மண்ணுக்கு மேலேதான் உண்டு. மண்ணுக்குக் கீழே இல்லை. ஒரு வளவில் மிதமிஞ்சி இறைத்த நீர் அயல் வளவுக் கிணற்றையும் பாதிக்கிறது. மலக்குழியின் கசிவும் தோட்டத்து உரத்தின் நைத்திரேற்றும் சுண்ணக்கல் வெடிப்புகளூடாக விரைவில் கிணற்றை அடைகின்றன. ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அது மிகுந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து நேரலாம். தோட்டஞ் செய்பவரைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. அவரும் அதே நீரைத்தான் குடிக்கிறார்.

கிணறு சவராகிவிட்டால் வசதியுள்ளவர் போத்தல் நீர் வாங்குவார். வசதியற்றவர் பவுசரைப் பார்த்திருப்பார். அதுவும் இயலாதவர் ஊரை விட்டுப் போவார். 1990இல் போர் தீவக மக்களை இடம்பெயரச் செய்தது. திரும்பி வந்தோர் சிலர், வராதோர் பலர். ஆளில்லாத வளவுகளில் கிணறுகள் தூர்ந்து கிடக்கின்றன. போருக்குப் பின் எஞ்சிய ஊரைத் தண்ணீர் கலைத்துவிடக் கூடாது. நம் முன்னுள்ள ஆபத்து இதுவே.

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டின் தமது சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்றும், நிலத்தின் துயரையும் ஏழையின் துயரையும் பிரித்துப் பார்க்கலாகாது என்றும் கற்பித்தார். கிணற்றடியில் நிற்பவருக்கு இவ்வுண்மை உடனே விளங்கும்.

3. யார் பேசுவது? எப்படிப் பேசுவது?

இதற்குச் சுன்னாகம் நமக்கு அண்மையிலுள்ள உதாரணம். அங்கே மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுற்றுப்புறக் கிணறுகளிற் கலந்தது. 2015இல் சூழல் ஆர்வலர் ரவீந்திர குணவர்தன காரியவசம் உயர்நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்காக வழக்காடியவர் சிங்களவர் என்பதைப் பிள்ளைகள் மனதிற் கொள்ளவேண்டும். 2019 ஏப்ரலில் வெளியான தீர்ப்பு, தனியார் மின் உற்பத்தி நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டும் எனப் பணித்தது. அவ்வழக்கில் கோஷத்தைவிடக் கிணற்றுநீர்ப் பரிசோதனை அறிக்கைகளே உரக்கப் பேசின.

சான்றில்லாத கூக்குரல் ஒரு நாளில் அடங்கிவிடும். குறித்து வைத்த கணக்கோ நிலைத்து நிற்கும். கணக்கெடுக்க மாணவரிடம் கொப்பி இருக்கிறது, காலமும் இருக்கிறது.

தனிநாயகம் அடிகளார் 1913இல் பிறந்தது இதே கரம்பொன்னில்தான். பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை பெற்ற இடத்தை ஆராய்ந்து, நிலமே வாழ்வை உருவாக்குகிறது என்பதை உலகறிய எழுதியவர் அவர். அவரது ஊர்ப் பிள்ளைகள் தம் நிலத்தைக் கூர்ந்து பார்ப்பது புதிய வழக்கமன்று. அவர்கள் செய்யக்கூடியவை நான்கு:

அ) கிழமைக்கொரு முறை, ஒரே நேரத்தில், கல்லுக் கட்டிய கயிற்றை இறக்கித் தம் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து திகதியுடன் எழுதுதல். பெரியவர் ஒருவர் உடன் நிற்கவேண்டும்.

ஆ) மாதந்தோறும் ஒரே அளவு நீரைத் தட்டில் வெயிலில் வற்றவைத்து, எஞ்சும் படிவை ஒப்பிடுதல். படிவு கூடிவந்தால், நீரை முறையான ஆய்வுகூடப் பரிசோதனைக்கு அனுப்பும்படி பெரியோரைக் கேட்டல்.

இ) கூரை நீரைக் கணக்கிடுதல். 1000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 2000 லீற்றருக்கு மேல் நீர் விழுகிறது. பாடசாலைக்கும் கோவிலுக்கும் எத்தனை பெரிய கூரைகள்! அந்நீர் தொட்டிக்குப் போகிறதா, தெருவுக்கா?

ஈ) பத்து வீட்டுக் கொப்பிகளை ஒன்றுசேர்த்து, ஊர்ப் பெரியோருடன் பிரதேச சபைக்குச் சமர்ப்பித்தல். அரச அலுவலகத்திலிருந்து விபரம் தேவைப்பட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி தமது முடிவைத் தெரிவிக்கவேண்டும்.

பெற்றோரே, பிள்ளை கயிறும் கொப்பியுமாய்க் கிணற்றடிக்குப் போனால், “படிப்பை விட்டுவிட்டு என்ன வேலை?” என்று கடியாதீர்கள். அவர்கள் படிப்பதும் பாடமே. நாம் வெட்டாத கிணற்றில் நாம் குடித்து வளர்ந்தோம். நாம் காணப்போகாத பிள்ளைகளும் அதில் நன்னீரே குடிக்கவேண்டும்.

குடும்பமாகச் சிந்திக்க:
• நம் கிணற்றுநீரின் சுவை பத்து ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது? வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள்.
• நம் மலக்குழிக்கும் கிணற்றுக்கும், அயலவர் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம்?
• கோடையில் நம் ஊரில் முதலில் தண்ணீருக்கு அலைபவர் யார்? அவருக்காக யார் பேசுகிறார்?